தாய்மாமன் வரியில் வந்தவர்

கொழுந்தீஸ்வரன் இந்த உலகத்துக்கு வந்தது ஓர் ஆவணி மாத முகூர்த்த நாளின் காலை ஏழரை மணிக்கு, மணப்பாறை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கல்யாண மண்டபத்தின் வாசல் வழியாக. வரும்போதே அவருக்கு ஐம்பத்திரண்டு வயது இருக்கும். சரிகைக்கரை வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்டு, கையில் சீர்த்தட்டு ஏந்தி, முன்னாலோ பின்னாலோ துணைக்கு யாரும் இல்லாமல் வந்தவர், பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் தான் மணப்பெண்ணின் தாய்மாமன் கொழுந்தீஸ்வரன் என்று சொன்னார். அவளும் பத்திரிகையில் பார்த்த பெயர்தானே என்று சந்தனம் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டாள்.

பத்திரிகையில் அந்தப் பெயர் இருந்தது உண்மைதான். ‘தாய்மாமன்: சௌ. கொழுந்தீஸ்வரன், தோப்பூர்’ என்று கீழே இடது பக்கம் போட்டிருந்தது. ஆனால் மணப்பெண் தமயந்தியின் தாய் செல்லக்கண்ணுவுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை யாரும் கிடையாது. தாய்மாமன் முறை செய்ய ஒன்றுவிட்ட பெரியப்பா மகன் ஒருவரை ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். செல்லக்கண்ணு வந்தவரைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டு ஆள் போலிருக்கிறது என்று நினைத்தாள், மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் மாமன் என்று நினைத்தார்கள், செல்லக்கண்ணுவின் கணவர் தங்கராசு யாரையும் எதையும் நினைக்காமல் பந்திக்கு இலை போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டால் யாருக்காவது அவமானமாகிவிடும் என்று எல்லாரும் சும்மா இருந்ததால், கொழுந்தீஸ்வரன் தமயந்தியின் நெற்றியில் பட்டம் கட்டினார், கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போனார், பிறகு மாப்பிள்ளையின் அப்பாவை நாலு பேருக்கு அறிமுகப்படுத்தும்போது மட்டும் ‘சம்பந்தி முத்துக்கரும்பன்’ என்று சொன்னார். அவர் பெயர் முத்துக்கருப்பன். பத்திரிகையில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்தப் பிழைக்கு ஏன் தனியாக ஒரு கரும்பன் வரவில்லை என்று பிற்பாடு ஊரில் வெகுநாள் பேசினார்கள். அந்த இடத்தில் ஏற்கெனவே ஓர் ஆள் உட்கார்ந்திருந்ததால் வந்தவன் திரும்பிப் போயிருப்பான் என்று முடிவு செய்துகொண்டார்கள்.

கல்யாணம் முடிந்தும் கொழுந்தீஸ்வரன் போகவில்லை. நகரசபைப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு அறை பிடித்தார், தையற்கடையில் காஜா எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார், வெள்ளிக்கிழமைதோறும் செல்லக்கண்ணு வீட்டுக்கு வந்து தங்கச்சி என்று கூப்பிட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனார். செல்லக்கண்ணு அவருக்குச் சோறு போட்டாள், ஆனால் சந்தேகத்தோடு போட்டாள். அவளுடைய அப்பா லாரி ஓட்டியவர், மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருக்கமாட்டார், அந்தப் பத்து நாளும் எங்கே இருந்தார் என்பது இப்போதுதான் தெரிகிறது என்று எண்ணி அவருடைய போட்டோவைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டினாள். பிறகு மனம் கேட்காமல் பஸ் ஏறித் தோப்பூருக்குப் போய் வீடு வீடாக விசாரித்தாள். அப்படி ஓர் ஆளையோ, அப்படி ஆளைப் பெற்றெடுத்த ஒரு பெண்ணையோ அங்கே யாருக்கும் தெரியவில்லை. வந்த பஸ்ஸிலேயே திரும்பி, பத்திரிகையை எடுத்துக்கொண்டு, அதை அடித்துக் கொடுத்த அச்சகத்துக்குப் போனாள்.

அந்த அச்சகத்தை நடத்தியவள் அமலோற்பவம். பதினெட்டு வருஷமாக ஒரு ஆப்செட் மெஷின், இரண்டு கம்ப்யூட்டர், பிழை பார்க்கப் புரூப் எடுக்க ஒரு சின்ன பிரிண்டர், ஒரு கட்டிங் மெஷின், இவ்வளவையும் பன்னிரண்டுக்கு முப்பது அடி கடைக்குள் வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரில் தயாநிதி, மெஷினில் அபுதாகிர், இரண்டு பேருக்கும் முப்பதைத் தாண்டியாகிவிட்டது, இரண்டு பேரும் அவளை அக்கா என்பார்கள். வேலை எந்த ஒழுங்கில் வந்து எந்த ஒழுங்கில் போகிறது என்று அந்தக் கடையில் அதுவரை யாரும் யோசித்ததில்லை. வந்த தாளை ஆணியில் குத்துவார்கள், ஃபைலுக்குக் ‘கடைசி’ என்று பெயர் வைப்பார்கள், திருத்தம் வந்தால் ‘கடைசி இரண்டு’, அதற்குமேலும் வந்தால் ‘உண்மையான கடைசி’. எது மெஷினுக்குப் போகிறது என்பது அன்றைக்கு யார் முதலில் டீ குடித்துவிட்டு வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

செல்லக்கண்ணு பத்திரிகையை மேஜைமேல் வைத்தாள். தான் எழுதிக் கொடுத்த தாளில் இந்தப் பெயர் இல்லை என்றாள். அமலோற்பவம் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தாள், இல்லைதான். புரூப்பை எடுத்துப் பார்த்தாள், அதில் பெயர் இருந்தது, கீழே தங்கராசு படித்துப் பார்க்காமல் போட்ட கையெழுத்தும் இருந்தது. தயாநிதி திரையில் அந்த ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னான்.

“அது பேரே இல்லக்கா. பழைய எழுத்துருவிலேருந்து புதுசுக்கு மாத்தினா கொம்பு, சௌ, ழு, ஸ்வ எல்லாம் உடைஞ்சு போகும். உடையுதான்னு பாக்க எல்லாம் ஒண்ணா வர்ற மாதிரி நானா ஒண்ணு அடிச்சு வச்சிருந்தேன். எடுக்க மறந்துட்டேன்.”

செல்லக்கண்ணு பத்திரிகையில் அந்தப் பெயர்மேல் விரலை வைத்தாள்.

“அப்ப போன வெள்ளிக்கிழமை எங்க வீட்ல உக்காந்து புளிக்கொழம்பு சாப்ட்டுப் போனது யாரு?” என்று கேட்டாள்.



செல்லக்கண்ணு வீட்டுக்குப் போய் அப்பாவின் போட்டோவை நேராகத் திருப்பி வைத்தாள். ஆனால் சந்தேகம் வீட்டை விட்டுப் போனதே தவிர ஊரை விட்டுப் போகவில்லை, அச்சகத்தில்தான் வந்து உட்கார்ந்தது. தயாநிதி தனக்கு வேண்டிய யாரையோ ஒரு நல்ல குடும்பத்துக்குள் நுழைத்துவிட்டு எழுத்துருக் கதை சொல்கிறானோ என்று அமலோற்பவத்துக்குத் தோன்றியது. அபுதாகிர் பிளேட்டில் ஏதோ செய்திருக்கிறான் என்று தயாநிதிக்குத் தோன்றியது. அக்கா ஜெபம் பண்ணிவிட்டுத்தான் மெஷினைத் தொடுவாள், அதில்தான் என்னவோ இருக்கிறது என்று அபுதாகிருக்குத் தோன்றியது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடியே வேலை செய்தார்கள், மூன்று பேரும் மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றாகப் போவதை நிறுத்தினார்கள்.

பிறகு அமலோற்பவம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கடையைத் திறந்து, சுவரில் நாலு கம்பி அடித்தாள். வந்தது, பார்த்தது, ஓட்டலாம், போனது என்று நாலுக்கும் பெயர் எழுதினாள். எந்த வேலை வந்தாலும் ஓர் அட்டை; அட்டையில் வேலை எண், கொடுத்தவர் பெயர், யார் அடித்தது, யார் பார்த்தது, யார் ஓட்டியது, மூன்று கையெழுத்து; அட்டை இல்லாமல் ஒரு துண்டுத் தாளும் ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்குப் போகக்கூடாது. கடைசி என்ற பெயரில் இனி ஃபைலே இருக்கக்கூடாது, எண்ணும் தேதியும்தான். மாதிரிகளில் இருந்த எல்லாப் பெயரையும் அழித்து ‘அஅஅ’ என்று போட வைத்தாள். புரூப் எடுத்ததும் ஒருவர் மூலத்தாளை வாய்விட்டுப் படிக்க வேண்டும், மற்றவர் புரூப்பைப் பின்னாலிருந்து முன்னால் ஒவ்வொரு வார்த்தையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முன்னாலிருந்து படித்தால் கண் தனக்குத் தெரிந்ததைத்தான் படிக்கும். ‘மற்றும் பலர்’ என்று இனிமேல் போடமாட்டேன் என்று ஓர் அட்டை எழுதி வாசலில் தொங்கவிட்டாள். எத்தனை பேர் வருவார்கள், எந்த ஊரிலிருந்து வருவார்கள், அவர்களுக்கு எங்கே படுக்கை போடுவது என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதம் வேறு. முதல் மாதம் எல்லாரும் வீட்டுப் பரணில் இருந்த பழைய பத்திரிகைகளைத் தேடி எடுத்து ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார்கள். சாப்பாட்டில் மட்டும் கண்ணாக இருக்கும் சித்தப்பாக்களையும், எந்த வழியில் சொந்தம் என்று யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாத அத்தைகளையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பொத்தமேட்டுப்பட்டியில் ஒருவர் தன்னுடைய பிறப்புச் சான்றிதழைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தார், யாராவது உற்றுப் பார்த்தால் எடுத்துக் காட்டினார். இரண்டாவது மாதம் ஆட்கள் அச்சகத்துக்கு வரத் தொடங்கினார்கள், அதுவும் கடையில் வேறு யாரும் இல்லாத சமயம் பார்த்து. குழந்தை இல்லாத ஒரு டீச்சர் காதுகுத்துப் பத்திரிகை அடிக்க வந்தார். நிலத்து எல்லையில் தகராறு இருந்த ஒருவர், செத்துப்போன சாட்சிக்கு ஒரு தம்பி வேண்டும் என்று வந்தார். ஒரு பெண் எதுவும் சொல்லாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அண்ணன் என்று ஒரு வார்த்தை மட்டும் போட்டால் போதும், பெயர்கூட வேண்டாம் என்றாள். அமலோற்பவம் எல்லாரையும் திருப்பி அனுப்பினாள், ஒவ்வொருவரும் போன பிறகு அவர்கள் பெயரில் அட்டை இருக்கிறதா என்று நாலு கம்பியையும் பார்த்தாள்.

கொழுந்தீஸ்வரனுக்குத் தன்னைப் பற்றி என்ன தெரியும் என்று யாருக்கும் தெரியாது. அவரைக் கேட்கவும் யாருக்கும் நாக்கு எழவில்லை. அவருக்குப் பத்திரிகையில் இருந்த பெயர்கள் மட்டும்தான் உலகம், அந்தப் பெயர்களை அவர் விடவில்லை. கல்யாணமாகித் துவரங்குறிச்சிக்குப் போன தமயந்தியைப் பார்க்க வாரம் தவறாமல் செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினார். அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, “எம் மருமவளக் கூப்பிடுங்க, பாத்துட்டுப் போறேன்” என்பார். அவள் வரும்வரை எழுந்திருக்கமாட்டார், மோர் கொடுத்தாலும் எழுந்திருக்கமாட்டார், முகத்தைத் திருப்பினாலும் எழுந்திருக்கமாட்டார்.

அந்த வீட்டில் தமயந்தியின் போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். எல்லாரும் சாப்பிட்டு முடிந்து பாத்திரம் காலியாக இருந்தால் அவளுக்கு அன்றைக்கு அவ்வளவுதான். ஐப்பசியில் ஒருநாள் அவள் எப்படியோ தப்பி வீட்டுக்கு வந்து, முழங்கைக்குக் கீழே தோசைத் திருப்பி பட்ட தழும்பைக் காட்டினாள். செல்லக்கண்ணு தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள், கொஞ்சம் பொறுத்துப் போகச் சொன்னாள், தங்கராசு அவளை மாலை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு பெற்றவர்கள் இரண்டு பேரும் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. போனால் என்ன கேட்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கொழுந்தீஸ்வரனுக்கும் என்ன கேட்பது என்று தெரியாது. அவர் போய் உட்கார்ந்தார், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமைகளில் அந்த வீட்டில் அவளுக்குச் சாப்பாடு கிடைத்தது.

பங்குனியில் முத்துக்கருப்பன் அச்சகத்துக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்து, மகன் கல்யாணப் பத்திரிகைதான், தன் பெயரில் ஓர் எழுத்துப் பிழை, அதைத் திருத்திப் பத்தே பத்துக் காப்பி வேண்டும், ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ள என்றார். நடந்து முடிந்த கல்யாணத்துக்கு ஏழு மாதம் கழித்துப் பத்திரிகை எதற்கு என்று அமலோற்பவம் நினைத்தாள். துவரங்குறிச்சியிலேயே அச்சகம் இருக்க இவ்வளவு தூரம் எதற்கு என்றும் நினைத்தாள். அங்கேயும் அடித்துப் பார்த்தாரோ, ஒன்றும் நடக்காமல்தான் இங்கே வந்தாரோ என்றும் தோன்றியது. வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் அட்டை போட்டாள், வேலை எண் எழுதினாள், நாளைக்கு வாங்க என்றாள்.

அவர் போனதும் தயாநிதி புரூப் எடுத்தான். பழைய பத்திரிகையை அபுதாகிர் வாய்விட்டுப் படிக்க, அமலோற்பவம் சிவப்புப் பேனாவோடு கடைசி வார்த்தையிலிருந்து மேலே போனாள். முத்துக்கருப்பன் சரியாக இருந்தது. தாய்மாமன் வரி இல்லை. அதை அவள் எதிர்பார்த்துத்தான் இருந்தாள். வட்டம் போட்டுவிட்டு மேலே போனாள். நடுவில் மணமகள் பெயருக்கு வந்தபோது அபுதாகிர் ‘தமயந்தி’ என்று படித்தான், அவள் கையில் இருந்த தாளில் ‘சாருமதி’ என்று இருந்தது. அவள் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அவன் இன்னொரு தடவை தமயந்தி என்றே படித்தான்.

மாற்றியிருந்தது அந்த மூன்று இடம்தான். பெண்ணைப் பெற்றவர்கள் பெயரில் கைவைக்கவில்லை, ‘தங்கராசு – செல்லக்கண்ணு’ அப்படியே இருந்தது.

அவள் ‘ஓட்டக்கூடாது’ என்று ஐந்தாவதாக ஒரு கம்பி அடிக்கச் சொல்லி அந்த அட்டையை அதில் மாட்டினாள். பென்டிரைவைப் பூட்டி வைத்தாள், புரூப்பை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு நேராகச் செல்லக்கண்ணு வீட்டுக்குப் போனாள். செல்லக்கண்ணு தாளை வாங்கிப் படித்தாள். பெற்றவர்கள் பெயரை மட்டும் ஏன் விட்டுவிட்டார்கள் என்று அவளாகவே கேட்டாள், மறந்திருப்பார்களோ என்றாள். அமலோற்பவத்துக்குச் சொல்ல மனமில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

“மறக்கல. உங்களால அவங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல. அதான் எடுக்கல” என்றாள்.

சேதி தெரிந்ததும் கொழுந்தீஸ்வரன் அன்றைக்கே துவரங்குறிச்சிக்குப் போனார். அது செவ்வாய்க்கிழமை இல்லை, அதனால் வீட்டில் யாரும் தயாராக இல்லை. தமயந்தி கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், அவளைக் கையைப் பிடித்து எழுப்பி ஈரக்கையோடு அப்படியே அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். பத்திரிகை அடிக்கவில்லை, பெண்ணும் வந்துவிட்டாள், பிழை நேர்வதற்கு முன்பே பிடித்துவிட்டோம் என்று அச்சகத்தில் மூன்று பேரும் வெகுநாளைக்குப் பிறகு ஒன்றாகப் போய்ச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை, கையில் ஒரு சூட்கேசோடு சாருமதி துவரங்குறிச்சி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். இருபத்து மூன்று வயது, கழுத்தில் தாலி இருந்தது, வந்ததும் எல்லார் காலிலும் விழுந்தாள், பிறகு சமையல்கட்டு எந்தப் பக்கம் என்று கேட்டாள். துவரங்குறிச்சிக்காரர்கள் அவளைப் பார்த்து அதிகம் பேசவில்லை, மணப்பாறைக்காரர்களுக்கு வந்தது நமக்கும் வந்துவிட்டது என்று மட்டும் சொல்லிக்கொண்டார்கள்.

சேதி கேட்டதும் அமலோற்பவம் கதவைச் சாத்திவிட்டு இரண்டு பேரையும் நிறுத்திக் கேட்டாள். ஃபைல் தயாநிதியிடம் இருந்தது, மெஷின் அபுதாகிரிடம் இருந்தது, இரண்டு பேரில் ஒருவர் அவளுக்குத் தெரியாமல் ஓட்டியிருக்க வேண்டும். தயாநிதி குழந்தைகள்மேல் சத்தியம் செய்தான். அபுதாகிர் சத்தியம் செய்யவில்லை; மெஷினில் அன்றைக்குப் பிளேட்டே மாட்டவில்லை, உருளையில் மை காய்ந்து கிடக்கிறது, தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அவள் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. நாலு கம்பியையும், ஐந்தாவதையும், ஒவ்வொரு அட்டையையும், குப்பைக்கூடையையும் தேடினாள். கடைசியில் தலைவலி மாத்திரை எடுக்கக் கைப்பையைத் திறந்தபோது அந்தப் புரூப் இருந்தது. பிழை வரக்கூடாது என்று அவளே எடுக்கச் சொன்ன தாள், அவள் போட்ட சிவப்பு வட்டங்கள். அதுவும் அச்சுதான் என்று அவளுக்கு அதுவரை தோன்றவே இல்லை.

அபுதாகிர் வீட்டுக்குப் போய் அவன் மனைவி முன்னாலேயே மன்னிப்புக் கேட்டாள். அவன் மறுநாள் வேலைக்கு வந்தான், ஆனால் அக்கா என்று கூப்பிட ஒரு மாதம் ஆயிற்று.

சித்திரை பிறந்து பத்து நாள் கழித்து, ஒரு மத்தியானம், செல்லக்கண்ணு வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது சாருமதி வாசலில் வந்து நின்றாள். சூட்கேஸ் இல்லை, செருப்பு இல்லை, வெயிலில் நடந்து வந்ததில் உதடு வெடித்திருந்தது.

“அம்மா, என்னால அங்க இருக்க முடியலம்மா” என்றாள்.

இது அவர்கள் அனுப்பிய ஆள், நம் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்துச் சொல்ல வந்திருக்கிறது என்று தங்கராசு சத்தமில்லாமல் சொன்னார். தமயந்தி எழுந்து போனாள். தன்னுடைய இடத்துக்கு வந்தவளை, தன்னுடைய தாயை அம்மா என்று கூப்பிடுகிறவளை, அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு ஏற இறங்கப் பார்த்தாள், நம்பாமல்தான் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் சேலைத் தலைப்பை விலக்கி முழங்கைக்குக் கீழே பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பித் தன் தாயைப் பார்த்தாள்.

செல்லக்கண்ணு இலையை மூடினாள். கையைக் கழுவிக்கொண்டு, சாருமதியை உள்ளே அழைத்துத் தான் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்காரவைத்து, தமயந்தியிடம் சோறு போடச் சொன்னாள். கொழுந்தீஸ்வரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“நீங்க இருங்கண்ணே. நான் போறேன்” என்றாள் செல்லக்கண்ணு.

ஒன்றரை மணி பஸ்ஸில் போனாள். வழி கேட்டுக் கேட்டுத்தான் போனாள், கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறை வந்த தெரு என்பதால் அடையாளம் மறந்திருந்தது. முத்துக்கருப்பன் வாசலுக்கு வந்து, அவளை அங்கே பார்ப்போம் என்று நினைக்காதவராக ஒரு நிமிஷம் நின்றார். அவர் மனைவி பின்னால் வந்தாள், அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை வந்தான். இரண்டாவது மருமகள் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தவர்கள், முதல் மருமகளின் தாய் எதற்கு வந்திருக்கிறாள் என்று புரியாமல், யாரைப் பற்றிப் பேச வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

செல்லக்கண்ணு அவர்களைத் தாண்டிக் கூடத்துக்குள் போனாள்.

“மூத்தவளப் பத்தி மொதல்ல கேக்கறேன். அது முடிஞ்சதும் சின்னவளப் பத்தி” என்று சொல்லி, நாற்காலியை நடுக்கூடத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.